ஃப்ளையா, ஸ்பின்னரா? மலையகத் தண்ணீரில் ஒரு பழைய வழக்கு

இலங்கையில் ஆறும் குளமும் உள்ள ஊர்களிலெல்லாம் தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையில் என்ன தூண்டில் இருக்கிறது என்பதை வைத்து ஆளின் தரத்தை அளந்த பழக்கம் மலையகத்தில்தான் வேரூன்றியது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து நீர்நிலைகளில் இதுவரை மூன்று வகைத் தூண்டில்கள் இறங்கியிருக்கின்றன. வெள்ளைக்காரத் தோட்டத் தொரைமார் கப்பலில் கொண்டுவந்த ஃப்ளை, அதாவது இறகால் கட்டிய போலிப் பூச்சி, ஒன்று. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த ஸ்பின்னிங் இன்னொன்று. இந்த இரண்டையும் பொருட்படுத்தாமல் இன்றுவரை நிற்கும் மூங்கில் கம்பு, தங்கூசி நூல், மண்புழு மூன்றாவது.

முதல் இரண்டுக்கும் இடையே உலகம் முழுவதும் ஓயாத வழக்கு ஒன்று நடக்கிறது. எதில் மீன் அதிகம் விழும்? எதில் சுகம் அதிகம்? எது மீனுக்கு நியாயமானது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதே வழக்கை மலையகத்துக்குக் கொண்டுவந்து விசாரித்தால், மீனோடு சேர்த்து காணி, சம்பளம், காடு எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன.

எடை எங்கே இருக்கிறது?

இரண்டு முறைக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் எடை. ஸ்பின்னிங்கில் எறியப்படுவது ஐந்து முதல் பத்து கிராம் வரையிலான ஓர் உலோகத் துண்டு. அதன் எடைதான் மெல்லிய நைலோன் நூலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ரீலின் வளையத்தைத் திறந்து, விரலால் நூலைப் பிடித்து, கம்பை முன்னால் வீசி விரலை விட்டால் போதும். 30 மீற்றர் தள்ளிப் போய் விழும். பிறகு கைப்பிடியைச் சுற்றினால் 'ஸ்பின்னர்' என்ற அந்தத் தகடு தண்ணீருக்குள் சுழன்று மினுங்கும், அதிரும். மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் அந்த அதிர்வை உணர்ந்து பாய்கிறது.

ஃப்ளையில் முள்ளின் மேல் கட்டியிருப்பது இறகும் நூலும் மட்டுமே. ஒரு கிராமுக்கும் எவ்வளவோ குறைவு. அதை எறிய முடியாது. காற்றே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் எடையைக் கயிற்றுக்குள் வைத்தார்கள். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் 5ஆம் எண் கயிற்றை எடுத்துக்கொண்டால், அதன் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். கம்பைப் பின்னால் உயர்த்தி, கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுத்து, அதன் பிறகு முன்னால் தள்ள வேண்டும். சாட்டை வீசுவது போன்ற வேலைதான், சொடுக்குச் சத்தம் மட்டும் வரக்கூடாது. சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம்; நுனியில் இருந்த ஃப்ளையும் அறுந்து போயிருக்கலாம்.

ஸ்பின்னிங்கை ஒரு பொழுதில் கற்றுக்கொள்ளலாம். ஃப்ளைக்கு ஒரு பருவம் போதாது. ஃப்ளை பிடிப்பவர்கள் இந்தச் சிரமத்தைக் குறையாகச் சொல்வதில்லை; அதைத்தான் முதல் கவர்ச்சியாகச் சொல்கிறார்கள். மீன் ஒன்றுகூட விழாத நாளிலும் ஒரு வீச்சு சரியாக அமைந்துவிட்டால் வந்தது வீணில்லை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ஸ்பின்னிங்காரர் தண்ணீரைத் துழாவித் தேடுகிறார். ஃப்ளைக்காரர் முதலில் நின்று பார்க்கிறார்: எந்தக் கல்லுக்குப் பின்னால் நீரோட்டம் தளர்கிறது, எந்தப் பூச்சி மேலே பறக்கிறது, மீன் எதற்காக வாயைத் திறக்கிறது என்று. பிறகுதான் கம்பை எடுக்கிறார்.

மீன் வந்த பாதை

ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் இல்லாத நாட்டில் இந்த வழக்குக்கு இடமே இல்லை. இலங்கைக்கு அது சொந்த மீன் அல்ல. நன்றாக உயரத்தில் ஓடும் ஓடைகளில் சுதேச மீன்களே மிக அரிது. வெப்பமண்டலத்துக்குள் இங்கிலாந்துக் குளிர் அடிக்கும் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்குக் குதிரைப் பந்தயம், கிளப், ரோஜாத் தோட்டம் எல்லாம் அமைந்த பிறகும் ஒரு குறை இருந்தது. ஓடை இருக்கிறது, அதில் தங்கள் ஊர் மீன் இல்லை.

1882இல் ஹப்பர்ட் என்பவர் பிரவுன் ட்ரவுட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார். ரயில் அப்போது நாவலப்பிட்டியோடு நின்றிருந்ததால் மீதி மலையை ரயிலின்றித்தான் ஏற வேண்டியிருந்தது. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும்தான் வந்து சேர்ந்தது. ஈரப் பாசியும் பனிக்கட்டியும் வைத்து ட்ரவுட் முட்டைகளைக் கடல் கடத்தும் வித்தையை 1864இல் தஸ்மேனியாவுக்கு அனுப்பியே பிரித்தானியர் தேர்ந்திருந்தார்கள். ஆனால் பிரவுன் ட்ரவுட் இங்கே தானாகப் பெருகவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வானவில் ட்ரவுட் வந்தது. அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையும் ருஷ்யாவின் கம்சட்காவும். ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகள் அதற்குப் பிடித்துப்போயின. அங்கேயே முட்டையிட்டுப் பெருகியது.

1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. குஞ்சு பொரிக்க வைப்பது, ஓடைகளில் விடுவது, யார் எங்கே பிடிக்கலாம் என்று அனுமதி வழங்குவது என மலையக ட்ரவுட்டின் நிர்வாகம் அதன் கைக்கு வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் பெலிஹுல் ஓயாவும் அக்கரப்பத்தனைப் பக்கத்து அக்ர ஓயாவும் தூண்டில்காரர்களின் பேச்சில் அடிபட்ட பெயர்கள். மஸ்கெலியாவுக்கு மேலே மொறே தோட்டத்தில் 'ஃபிஷிங் ஹட்' என்ற பெயரிலேயே ஒரு தங்குமிடம் இருக்கிறது. சிவனொளிபாத மலைக்குப் போகும் ஒரு பாதை அந்த வழியாகப் போகிறது.

இதே கதை தமிழ்நாட்டிலும் நடந்தது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களில் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார்; பலிக்கவில்லை. 1906க்குப் பிறகு எச். சி. வில்சன் முயற்சியில்தான் அது உதகைப் பக்கம் நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. மூணாற்றில் தேயிலைத் தோட்ட அதிகாரிகள் தங்களுக்கென்று தூண்டில் சங்கம் அமைத்தார்கள். காஷ்மீரில் 1900இல் ட்ரவுட் வேரூன்றியது. வரைபடத்தில் இந்த இடங்களைப் புள்ளியிட்டுப் பார்த்தால், வெள்ளைக்காரர் வெயிலுக்குத் தப்பி ஏறிய மலைகளின் பட்டியலே கிடைத்துவிடும்.

தொரையும் லயத்துப் பையனும்

மீனோடு சேர்ந்து அதைப் பிடிக்கும் ஒழுங்கும் கப்பலேறி வந்தது. ஃப்ளை மிகப் பழைய முறை. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியர்கள் முள்ளில் செங்கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகு கட்டி மீன் பிடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அது பாமரர் வித்தையாகத்தான் இருந்தது. அதைக் கனவான் விளையாட்டாக மாற்றி, நுணுக்கமான சட்டதிட்டம் வகுத்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. எஃப். எம். ஹால்ஃபர்ட் என்பவர் 1886இல் எழுதிய நூல், நீரின் மேல் மிதக்கும் 'உலர் ஃப்ளை' முறையைப் பெரும் கட்சியாகவே வளர்த்துவிட்டது. நீருக்கடியில் நகரும் பூச்சிப் புழுவைப் போலச் செய்த ஃப்ளையும் நியாயமானதே என்று ஜி. ஈ. எம். ஸ்க்யூஸ் 1910இல் எழுதியபோது, ஃப்ளைக்காரர்களே இரண்டு கட்சியாகி ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். இறகுக்குள்ளேயே சாதி பார்த்தவர்கள் மண்புழுவை எந்த வரிசையில் வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மலையகத்தில் அந்த ஒழுங்கு வேறொரு ஏணியோடு போய்ப் பொருந்திக்கொண்டது. பெரிய தொரை, சின்னத் தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்று தோட்டத்தில் ஏற்கெனவே படிகள் இருந்தன. ஓடை தோட்டத்துக்கூடாகத்தான் ஓடியது. அதில் ஃப்ளை போட்டவர் கிளப் அனுமதியோடு வந்த விளையாட்டுக்காரர். அதே ஓடையில் கம்பும் புழுவுமாக இறங்கிய, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பையன் திருடன். இருவரும் தேடியது ஒரே மீனை. ஒருவருக்குப் பொழுதுபோக்கு, மற்றவருக்கு இராச்சோற்றுக் குழம்பு. ஃப்ளையின் கவர்ச்சியைப் பற்றி மலையகத்தில் யார் எழுதினாலும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போக முடியாது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் தொரைமார் போனபின், கிளப்பின் பழைய செல்வாக்கும் போய்விட்டது. குஞ்சு விட ஆளில்லாத ஓடைகளில் ட்ரவுட் அருகியது. தானாகப் பெருகத் தெரிந்த இடங்களில் மட்டும் தங்கிவிட்டது.

நூற்பாலையிலிருந்து வந்த ரீல்

ஸ்பின்னிங்கின் வரலாறு வேறு வகை. இன்றைய ஸ்பின்னிங் ரீலின் பிறப்பிடம் பிரட்ஃபர்ட் என்ற கம்பளி ஆலை நகரம். நெசவுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வர்த் 1905இல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை எடுத்தார். அதுவரை ரீல் என்றால் உருளை சுழல வேண்டும். நூல் போகும் வேகத்துக்கு உருளை ஈடுகொடுக்காவிட்டால் சிக்குத்தான். இல்லிங்வர்த்தின் ரீலில் உருளை அசையாமல் நிற்க, ஆலையின் நூற்கண்டிலிருந்து இழை உருவுவதைப் போல நூல் அதன் முனை வழியாகக் கழன்று போகும். சிக்கல் குறைந்தது, தூரம் கூடியது, இலேசான லூரும், அதாவது தகடு போன்ற செயற்கை இரையும், பறந்தது.

நைலோன் 1938இல் அறிமுகமாகி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தூண்டில் நூலாகவும் பரவியதும் இந்த ரீலைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அதே 1938இல் பிரான்சில் மெப்ஸ் நிறுவனத்தின் சுழலும் தகடு வந்தது. இன்றும் உலகம் முழுவதும் விற்கிறது. ஆலை உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கியது. ஃப்ளை மரபிலிருந்து வந்தவர்கள் இதை இயந்திர வேலை என்று இகழ்ந்தார்கள். ஆனால் தூண்டில் உலகில் நடந்த பெரிய ஜனநாயகம் அதுதான். ஆசான், கிளப், பரம்பரை எதுவும் இல்லாமல் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒருவர் தூண்டில்காரர் ஆகிவிடலாம்.

காலனித்துவ அதிகாரிகளே எப்போதும் ஃப்ளையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. சென்னை சிவில் சேவையில் இருந்த ஹென்றி சலிவன் தோமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூலில், மஹ்சீர் மீனுக்கு, இல்லிங்வர்த்தின் ரீலுக்கு முந்திய பழைய ஸ்பின்னிங் முறைகளைத் தயக்கமின்றிச் சொல்லிக் கொடுக்கிறார். காவிரியின் பெருவெள்ளத்தில் பெருமீன் தேடுபவருக்கு இறகைவிட உலோகம் உதவும் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீரும் மீனும் மாறினால் முறையும் மாறத்தானே வேண்டும்.

தண்ணீருக்குத் தண்ணீர்

பொதுவாக எது சிறந்தது என்று கேட்பதைவிட எந்தத் தண்ணீரில் எது சிறந்தது என்று கேட்பதே பயன் தரும். அக்கரப்பத்தனை, அம்பேவலப் பக்கத்து ஓடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அகலம் பல இடங்களில் நாலைந்து மீற்றர். கல்லுக்கு மேல் கல். அவற்றின் இடையே முழங்காலளவுக் குழிகள். தண்ணீர் தெளிந்திருக்கும் மாதங்களில், குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அந்தச் சின்னக் குழியில் எட்டு கிராம் உலோகம் 'டொப்' என்று விழுந்தால் அங்கிருந்த ட்ரவுட் கல்லுக்கடியில் ஒளிந்துவிடும். இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் தகடு பாறையில் மாட்டும். ஃப்ளை அங்கே சத்தமின்றி இறங்கி, நீரோட்டத்தோடு மிதந்து, மீனின் மூக்குக்கு நேராகப் போய்ச் சேரும். அது ஃப்ளையின் வீடு.

அந்த வீட்டுக்குள்ளும் வில்லங்கம் உண்டு. இங்கிலாந்தின் புல்வெளி ஓடைகளில் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளி. இங்கே பின்னால் தேயிலைச் சரிவு, ஓடைக்கரையில் பற்றை, தலைக்கு மேல் கிளை. பின்னால் போன கயிறு தேயிலைச் செடியின் கவ்வாத்து வெட்டிய கட்டையில் மாட்டும். மேலே ஏறிக் கழற்றிவிட்டு வருவதற்குள் அட்டை காலைப் பிடித்திருக்கும். ஆகவே இந்தப் பக்கத்து ஓடைகளுக்கு 'ரோல் காஸ்ட்' என்ற உருட்டு வீச்சுத்தான் ஏற்றது. கயிற்றைப் பின்னால் பறக்கவிடாமல், நீரின் மேலேயே வளையமாக உருட்டி முன்னால் அனுப்பும் வீச்சு அது. கிளை தாழ்ந்த இடங்களில் கம்பும் ஏழு அடிக்கு மேல் இருந்தால் கிளையோடுதான் சண்டை.

தென்மேற்குப் பருவ மழை விழுந்துவிட்டால் கதை தலைகீழ். செங்குத்தான மரக்கறித் தோட்டங்களிலிருந்தும் தேயிலைச் சரிவுகளிலிருந்தும் மண் கரைந்து ஓடை தேநீர் நிறத்துக்கு மாறும். அந்தக் கலங்கலில் இறகுப் பூச்சி மீனின் கண்ணுக்குப் படாது. அதிர்ந்து மினுங்கும் தகடு ஒருவேளை படும். மழைக்காலத்தில் ஸ்பின்னருக்குத்தான் வாய்ப்பு.

பெரிய நீர்த்தேக்கங்களுக்கு வந்தால் போட்டியே இல்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரி 1965இல் எழுந்தது. மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுஸ்ஸாகலை 1969இல் முடிந்தது; பழைய மஸ்கெலியா நகரம் அதனடியில் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும். இந்த அகன்ற நீர்ப்பரப்புகளில் ட்ரவுட்டை எதிர்பார்த்து யாரும் போவதில்லை. இங்கே திலாப்பியாவும் கார்ப்பும்தான். திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்த மீன். இன்று உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்குஞ்சு விடும் பணியைத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது நெக்டா, பார்க்கிறது.

காற்று வீசும் காசல்ரிக் கரையில் 30 மீற்றர் எறிய வேண்டுமானால் ஸ்பின்னிங் ரீல் வேண்டும். அதில் தகடு மட்டும்தான் கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. தக்கை கட்டலாம், ஈயம் கட்டலாம், பாண் உருண்டையோ புழுவோ குத்தலாம். சேற்றைக் கிளறித் தின்னும் கார்ப் தகட்டைத் துரத்தாது. பாண் உருண்டைக்கு வரும். ஒரே சாமான் பத்து வேலை செய்கிறது என்பதுதான் ஸ்பின்னிங்கின் உண்மையான கவர்ச்சி. அதை ஃப்ளைக்காரர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

இறகுக்குள் நம் மலைகள்

ஃப்ளையின் இன்னொரு கவர்ச்சி தண்ணீருக்கு வெளியே, மேசை மேல் இருக்கிறது. ஸ்பின்னரைக் கடையில் வாங்கலாம். ஃப்ளையைத் தானே கட்டலாம். சின்ன இடுக்கியில் முள்ளைப் பிடித்து, பட்டு நூலால் அடித்தளம் சுற்றி, மயிலிறகின் ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்து உடலாகச் சுற்றுவார்கள். ஈரம் பட்டதும் அந்த இழை பச்சைக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு நிறத்தில் மின்னும். வண்டின் முதுகு அப்படியே வந்துவிடும். கழுத்தில் சேவல் இறகை இரண்டு சுற்று. தலையில் முடிச்சு, மேலே ஒரு துளி வார்னிஷ். கைபழகியவருக்குச் சில நிமிட வேலை.

அந்த மேசையில் தெற்காசியாவின் பங்கு பெரிது. விக்டோரியா காலத்து அலங்கார ஃப்ளைகளில் கண்ணைப் போல வைக்கப்பட்ட மெழுகுப் பளபளப்பு இறகு, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திலிருந்து போனது. அந்த இறகுக்காகவே பறவைகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகு, பிரிட்டனில் வளர்ப்புப் பறவைகளிலிருந்து அந்த இறகை எடுக்கத் தொடங்கினார்கள். இயற்கையோடு இணைந்த மென்மையான விளையாட்டு என்று ஃப்ளையைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விட்டுவிடுவதா, கொண்டுபோவதா?

ஃப்ளையின் தரப்பில் அடிக்கடி வைக்கப்படும் வாதம் அறம் சார்ந்தது: ஃப்ளையில் விழுந்த மீனைக் காயமின்றித் திரும்ப விடலாம், ஸ்பின்னரில் முடியாது என்பது. இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. வட அமெரிக்க ட்ரவுட் ஆய்வுகளைத் தொகுத்து 1992இல் வெளியான கட்டுரை ஒன்றின்படி, கொளுவியுள்ள (எதிர்க்கூர் கொண்ட) முள்ளில் உயிர் இரை வைத்துப் பிடித்து விடப்பட்ட மீன்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தன. செயற்கை இரையில் அது ஏறக்குறைய 5 வீதம். முள்ளின் கொளுவியை நசுக்கிவிட்டால் இன்னும் குறைவு. கவனிக்க வேண்டியது, இங்கே 'செயற்கை இரை' என்ற ஒரே கூடையில் ஃப்ளையும் லூரும் சேர்ந்தே இருக்கின்றன. புழுவை மீன் விழுங்குகிறது, முள் தொண்டையில் இறங்குகிறது. ஃப்ளையையும் தகட்டையும் உதட்டால் கவ்வுகிறது. பெரிய பிரிவு இரைக்கும் செயற்கைக்கும் இடையில்தான். ஒற்றை முள் போட்டு, கொளுவியை நசுக்கிய ஸ்பின்னர்காரர் ஃப்ளைக்காரருக்கு முன் தலைகுனிய வேண்டியதில்லை.

மலையகத்தில் இந்த அறமே இன்னொரு சிக்கலில் மாட்டுகிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போகிறது. அந்தச் சமவெளியின் ஓடைகளுக்கே உரிய நன்னீர் இறால் இனம் ஒன்று உண்டு. கொண்டுவந்து விட்ட ட்ரவுட் அதைத் தின்கிறது என்பது உயிரியலாளர்களின் நீண்டநாள் கவலை. தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும் அதன் உணவுதான்.

ஐரோப்பாவில் ட்ரவுட்டைத் திரும்ப விடுவது ஆற்றைக் காப்பாற்றும் செயல். ஹோர்ட்டன் சமவெளியில் அதே செயல் அந்நிய வேட்டையாடியைக் காப்பாற்றி, வேறெங்கும் இல்லாத இறாலை அதன் வாய்க்கு விடுவதாகிவிடும். அதற்காக ஆளாளுக்குத் தூண்டிலோடு அங்கே போய்விடவும் முடியாது. பூங்காவின் சட்டம் அனுமதியின்றி எதையும் பிடிக்க இடம் தருவதில்லை. அங்கே ட்ரவுட்டை என்ன செய்வது என்பதை வனசீவராசிகள் திணைக்களமும் ஆய்வாளர்களும்தான் தீர்மானிக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால்

விலையை விட்டுவிட்டு இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டு நல்ல ஃப்ளை கயிறு ஒன்று மலிவாக வந்தாலும் 60 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபா, அந்தச் சம்பளத்தில் பதின்மூன்று நாளுக்கு மேல். கம்பு, ரீல், நுனி நூல் எல்லாம் அதற்கு மேல். நீட்டி மடக்கும் சாதாரணக் கம்பும் ஸ்பின்னிங் ரீலும் அதில் ஒரு பகுதிக்கே வந்துவிடும். காசல்ரிக் கரையில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் இளைஞர்களின் கையில் எது இருக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆனால் ஃப்ளையின் சுகத்துக்கு இத்தனை செலவு கட்டாயமா? ஜப்பானின் மலையோடைகளில் 'தென்காரா' என்று ஒரு முறை உண்டு. ரீலே கிடையாது. நீளமான கம்பின் நுனியில் நேரே நூலைக் கட்டி, அதன் முனையில் ஒரு ஃப்ளை. மலைவாழ் மீனவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வளர்த்த முறை அது. படகோனியா ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் ஷுயினார் 2014இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பணக்காரச் சாமான்களில் சலித்துப்போன அமெரிக்கர்கள் இப்போது இதைத் தேடிப் போகிறார்கள். லயத்துப் பையனின் மூங்கில் கம்புக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. முள்ளில் புழுவுக்குப் பதிலாகக் கோழி இறகு கட்டினால் கம்பு அதே கம்பு, நூல் அதே தங்கூசி. நாலு மீற்றர் அகல ஓடைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தொரைமாரின் கௌரவச் சின்னமாக இருந்ததை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஃப்ளையில் எஞ்சுவது தண்ணீரை உற்றுப் பார்க்கும் பழக்கமும் கைத்திறனும்தான். அவை இரண்டும் யாருக்கும் சொந்தமானவையல்ல.

ஆகவே தீர்ப்பு தண்ணீரைப் பொறுத்து மூன்றாகப் பிரிகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கூடாக ஓடும் தெளிந்த சிற்றோடையில், அனுமதியும் மீனும் இருக்குமிடத்தில், ஃப்ளைதான் மேல். அதிலும் கம்பில் நேரே கட்டிய எளிய ஃப்ளை போதும். காசல்ரி, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் ஸ்பின்னிங் ரீலுக்கு நிகரில்லை. விட நினைக்கும் மீனுக்கு ஒற்றை முள் போட்டு, கொளுவியைக் குறட்டால் நசுக்கிக்கொள்வது நல்லது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.